கனத்துத் திரும்பிய பெட்டி

தேங்காயைக் காதருகில் வைத்து ஆட்டிப் பார்க்காமல் நான் வாங்கியதில்லை. ஆட்டிப் பார்த்த பிறகும் கடைக்காரர் முகத்தை ஒரு தடவை பார்ப்பேன். சாலைக் கடைத்தெருவில் பாதிப் பேருக்கு இது தெரியும். நான் தூரத்தில் வரும்போதே சிலர் வேறு பக்கம் திரும்பி நின்றுகொள்வார்கள். "இப்படி எல்லாத்தையும் சந்தேகப்பட்டா எப்படிங்க ஒங்களுக்கு ஒறக்கம் வருது?" என்று என் மனைவி கேட்பாள். நன்றாகவே வருகிறது. நம்பிவிட்டு வந்து படுத்தவன்தான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பான்.

வலியசாலையில் இருந்துகொண்டு கல்யாணம், வளைகாப்பு, அலுவலக விருந்து என்று சமையல் ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறேன். திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையாளக் கரைக்கு வந்த சைவக் குடும்பம். பக்கத்து வீட்டில் மீன் வறுத்தால் எங்கள் வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள். அந்த வீட்டில் பிறந்த என் ஒரே மகள் பி.காம். முடித்த கையோடு கடலுக்குப் போகப் போகிறேன் என்றாள்.

விழிஞ்ஞத்தில் இளைஞர்களுக்குக் கடல் பயிற்சி கொடுக்கிறார்கள். படகு ஓட்டுவது, மூச்சுக் குழாய் மாட்டிக்கொண்டு அடியில் இறங்குவது, பாறை இடுக்கில் என்ன மீன் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது, இதெல்லாம். முதல் கட்டம் சனி, ஞாயிறு மட்டும். நீச்சல் வகுப்பு மாதிரி ஏதோ ஒன்று, போய்விட்டு வரட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டாம் கட்டம் அப்படியில்லை. அரை வருடம் அங்கேயே கிடக்க வேண்டும். முடித்தால் படகு ஓட்டும் உரிமமும், கடல் ஆராய்ச்சிக்காரர்களுடன் வேலையும் கிடைக்கும் என்றார்கள். முதல் கட்டத்தில் நன்றாகச் செய்கிற சிலரைத்தான் அதற்கு எடுப்பார்கள். அந்தச் சிலரில் ஒருத்தியாக வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு பேச்சே இல்லை. நான் அவளுக்காக பாங்க் பரீட்சைப் பயிற்சி வகுப்பு ஒன்றைப் பழவங்காடிப் பக்கம் பார்த்து வைத்திருந்தேன்.

பயிற்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். யாராவது ஒன்றைச் சும்மா கொடுத்தால் நான் முதலில் கேட்பது அதைத்தான்.

"தூண்டில் போட்டி நடத்துவாங்க அப்பா. வெளியூர்லயிருந்து பெரிய ஆளுங்க வருவாங்க. அவங்க கட்டுற ஃபீஸ்தான் எங்க ட்ரெயினிங்குக்கு."

"மீனப் பிடிச்சு?"

"பிடிச்சு, அளந்து, போட்டோ எடுத்து, திரும்பக் கடல்லயே விட்டுருவாங்க. ஆரும் திங்க மாட்டாங்க."

"திங்காதவன் எதுக்குப் பிடிக்கணும்?"

"எந்த மீன் எங்க இருக்கு, எப்படி வளருதுன்னு தெரியணும்ல. தெரிஞ்சாதானே காப்பாத்த முடியும்."

"அதுக்கு வாயில முள்ளு குத்தணுமா?"

அந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கு யாரும் நேரான பதில் சொல்லவில்லை. காசைக் கொட்டி ஒரு உயிரின் வாயைக் கிழித்துவிட்டு, அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைப்பவர்களை எப்படி நம்புவது? கரையில் ஒரு பேச்சு, கடலில் ஒரு வேலை என்றுதான் இருக்கும் என்று முடிவு கட்டினேன். மீன் ராத்திரி யார் வீட்டுக் குழம்பிலோ கொதிக்கும். பிள்ளைகளின் பயிற்சி என்பது வாசலில் தொங்கவிடும் பலகை.

அதனால் மகளிடம் ஒரு நிபந்தனை போட்டேன். போட்டி முடிகிறவரை போய் வரலாம். ஆனால் அதில் ஒரே ஒரு கள்ளத்தனம் என் கண்ணில் பட்டாலும் அதோடு சரி, பாங்க் வகுப்பு. "சம்மதம். ஆனா நீங்க காணணும். ஊகிச்சுச் சொல்லக்கூடாது," என்றாள்.

காண்பதற்கு வழி தானாக வந்தது. இதற்கு முந்தின போட்டியில் மதியச் சாப்பாட்டுக்கு மீன் வறுத்துப் போட்டு, வந்தவர்களெல்லாம் சிரித்துவிட்டார்களாம். மீனைக் காப்பாற்றுகிற விழாவில் மீன் வறுவல்! இந்தத் தடவை மீன், கறி எதுவும் கூடாது என்று தீர்மானித்திருக்கிறார்கள். சைவச் சமையலுக்கு ஆள் தேடியபோது என் மகள் என் பெயரைச் சொல்லியிருக்கிறாள். நடத்துகிறவரே என்னைக் கூப்பிட்டார். கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் கேப்டன் என்பார்கள். தொண்டை கட்டியவர் மாதிரி மெல்லப் பேசுவார். மெல்லப் பேசுகிறவர்களை நான் கூடுதலாகக் கவனிப்பது வழக்கம். என் சமையலை வைத்தே என் வாயை அடைக்கப் பார்க்கிறார் என்று தோன்றியது. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். வேவு பார்க்க அடுப்படியைவிட நல்ல இடம் எது?

போட்டி இரண்டு நாள். துறைமுகத்தில் பந்தல் போட்டு, வரிசையாகப் படகுகளை நிறுத்தியிருந்தார்கள். காலையில் ஒவ்வொரு படகுக்கும் ஒரு நீல ஐஸ் பெட்டி கொடுப்பது என் வேலை. உள்ளே ஐஸ் போட்டு, அதன்மேல் தயிர்சாதம், புளியோதரை, மாங்காய் ஊறுகாய், பாட்டிலில் மோர். வாழையிலையில் நானே பொதிந்து நூல் கட்டினேன். பெட்டிகளை அடுக்கும்போதே எனக்குப் புத்தியில் பட்டுவிட்டது. மதியம் சாப்பாடு தீர்ந்ததும் பெட்டி காலி. உள்ளே ஐஸ் இருக்கும். நடுக்கடல். மீனை ஒளித்துக் கொண்டுவர இதைவிட வசதி வேண்டுமா? அந்த வசதியை என் கையாலேயே கட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தபோது எனக்கு எரிச்சலாக வந்தது.

ஆனால் எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. சாப்பாடு எப்படி என்று சாப்பிட்டவர்களிடம் கேட்க மாட்டோம். கேட்டால் எல்லாரும் பிரமாதம் என்பார்கள். திரும்பி வரும் பாத்திரத்தைத் தூக்கிப் பார்ப்போம். லேசாக இருந்தால் சாப்பாடு நன்றாயிருந்தது. கனத்தால் வீட்டுக்குப் போய் யோசிக்க வேண்டும். முப்பது வருடத்துக்கு மேலாகத் தூக்கிய கை. மூடியைத் திறக்காமலே உள்ளே என்ன மிச்சம் என்று சொல்லிவிடும். அன்று சாயங்காலம் படகுகள் வந்ததும் துறைமுகப் படிக்கட்டில் போய் நின்றுகொண்டு ஒவ்வொரு பெட்டியையும் நானே கையை நீட்டி வாங்கினேன்.

எல்லாம் லேசு. ஒன்று மட்டும் சற்றுக் கனத்தது. ஆவலாக ஓரத்துக்கு இழுத்துப் போய்த் திறந்தேன். உள்ளே என் புளியோதரை, நூல்கூட அவிழ்க்கப்படாமல் இருந்தது. மீன் இருந்திருந்தால்கூட மனசு அவ்வளவு வருத்தப்பட்டிருக்காது.

என் மகள் போன படகில் கொச்சியிலிருந்து வந்த ஒரு வியாபாரி இருந்தார். உடம்பெல்லாம் பை வைத்த சட்டை. தொப்பியில் பளபளவென்று ஒரு தூண்டில் செருகியிருந்தார். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. பந்தலுக்கு வந்து மோரை மூன்று டம்ளர் குடித்துவிட்டு என் முதுகில் தட்டினார். மோர் நன்றாக இருந்ததால் தட்டினாரா, வேறு எதற்காவதா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

படகில் தன் வேலை என்ன என்பதை மகள் அன்று இரவு சாப்பிடும்போது சொன்னாள். மீனைத் தூண்டிலில் இழுப்பது போட்டியாளர். அளந்து போட்டோ எடுத்தபின் அதைத் திரும்ப விடுவது பயிற்சியில் இருக்கும் பிள்ளை. சும்மா தூக்கிப் போட்டுவிடக் கூடாதாம். இழுபட்டு இழுபட்டு அது ஓய்ந்துபோயிருக்கும். தண்ணீருக்குள் தலையை நேராகப் பிடித்து, செவுளுக்குள் தண்ணீர் ஓடும்படி வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். உயிர் திரும்பி வந்ததும் அதுவே வாலை உதறிக் கையைவிட்டுப் போகும். அப்போது அந்தப் பிள்ளை "போயி", அதாவது போய்விட்டது, என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் மீன் கணக்கில் சேரும். செத்தால் புள்ளி இல்லை. அதோடு, தன் கையிலிருந்து எத்தனை மீன் உயிரோடு போனது என்பதை வைத்துத்தான் பிள்ளைகளை இரண்டாம் கட்டத்துக்கு எடுப்பார்கள்.

"இன்னைக்கு எல்லாம் போச்சா?" என்று கேட்டேன்.

"எல்லாம் போயி," என்று சிரித்தாள். அவள் கையில் மீன் வாடை அடித்தது. அவள் அம்மா ஜன்னலைத் திறந்து விட்டாள்.

எல்லாம் போயிற்று என்பதையும் நான் முழுசாக நம்பவில்லை. தேர்வு செய்யப்படுவது இவளுடைய ஒரு வார்த்தையில் இருக்கிறது. அதே வார்த்தையில்தான் கொச்சிக்காரருடைய பரிசும் இருக்கிறது. ஒரே வார்த்தையில் இரண்டு பேருக்கு லாபம் வந்தால் அந்த வார்த்தையைக் கவனிக்க வேண்டும். பெற்ற பெண்ணாகவே இருந்தாலும் சரி.

மறுநாள் மதியம் பந்தலில் ஒரே கைதட்டல். மகளுடைய படகில் பெரிய பாறை மீன் கிடைத்திருக்கிறதாம், இரண்டு நாளில் அதுதான் பெரியது. எல்லார் போனிலும் போட்டோ வந்து விழுந்தது. பக்கத்தில் நின்றவர் போனில் எட்டிப் பார்த்தேன். கொச்சிக்காரர் பிறந்த குழந்தையை ஏந்துவது போல மீனை ஏந்தியிருந்தார். அடுத்த போட்டோவில் தொப்பி இல்லாமல். அதற்கடுத்ததில் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு. பிறகு மீனுக்கு முத்தம் கொடுப்பது போல. மீனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் வெளியே வைத்திருந்தால் அதற்கு மூச்சு முட்டும் என்பது தெரியும். கடைசிப் போட்டோவில் என் மகள் படகு ஓரத்தில் குப்புறப் படுத்து, கை இரண்டையும் தண்ணீருக்குள் விட்டிருந்தாள். முகம் தெரியவில்லை. கீழே, "விட்டாச்சு" என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

சாயங்காலம் அந்தப் படகு வந்து சேர்ந்தபோது கொச்சிக்காரரைக் கைதட்டி இறக்கினார்கள். அவர் யாருக்கும் நின்று பதில் சொல்லாமல் வேகமாகப் பந்தலுக்குப் போனார். படகோட்டி ஐஸ் பெட்டியை என்னிடம் நீட்டினார். என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். வாங்கினேன். கை சட்டென்று கீழே இறங்கியது.

புளியோதரை அப்படிக் கனக்காது.

உள்ளதைச் சொல்கிறேன், முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. சொன்னேனா இல்லையா என்று ஊரைக் கூட்டிக் கேட்க வேண்டும் போல இருந்தது. பெட்டியைக் கீழே வைத்து மூடியில் கை வைத்தேன். அதற்குள் மகள் படகிலிருந்து குதித்து ஓடிவந்து மூடியை அழுத்திக்கொண்டாள். உப்பு காய்ந்து அவள் முகமெல்லாம் வெள்ளைக் கோடாக இருந்தது.

"அப்பா, இங்க தொறக்காதீங்க."

சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. எல்லாரையும் சந்தேகப்பட்டவன்தான், இவளையும் பட்டவன்தான்; ஆனால் அது நிஜமாக இருக்கும் என்று மனசின் ஒரு மூலையிலும் நான் நினைத்திருக்கவில்லை. போட்டோ எடுத்து, "போயி" என்று பொய் சொல்லி, மீனைப் பெட்டிக்குள் போட்டு, அதுவும் நான் சோறு கட்டிக் கொடுத்த பெட்டிக்குள்! யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தேன். என் வேன் பத்தடி தூரத்தில் நின்றது. குனிந்து அவள் காதருகில் கேட்டேன்:

"வண்டியில ஏத்திரட்டா, மோளே?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வழியில் யாரோ முன்பின் தெரியாத ஆள் கையைப் பிடித்து இழுத்தால் ஒரு பெண் எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தாள்.

"வண்டியிலயா? எதுக்கு? கேப்டன் மேசைக்குக் கொண்டுபோகணும். அந்தப் பக்கம் பிடிங்க."

பிடித்தேன். வேறு என்ன செய்வது? இரண்டு பேருமாக ஐஸ் தண்ணீர் தளும்பத் தளும்பப் பெட்டியைத் தூக்கிப் போய் கேப்டனுடைய மேசை முன்னால் வைத்தோம். அவளே மூடியைத் திறந்தாள். காலி வாழையிலைகளை ஒதுக்கினாள். அடியில் அந்தப் பாறை மீன் வாலை மடக்கிக்கொண்டு கிடந்தது. கண் பால் படிந்தது போல இருந்தது. பந்தலில் இருந்தவர்கள் சுற்றி வந்து எட்டிப் பார்த்தார்கள்.

மகள் மலையாளத்தில் கேப்டனிடம் சொன்னாள். மீன் தன் கையிலிருந்து போனது உண்மை. தான் "போயி" என்று சொன்னதும் உண்மை. மற்றவர்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவள் மட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் படகின் பின்னால் வயிறு மேலாக அது மிதந்து வந்தது. வலையில் கோரி எடுத்தபோது உயிர் இல்லை. "அதனால் நான் சொன்னது தப்பு. இந்த மீனைச் சேர்க்கக் கூடாது," என்றாள்.

"அது வேறே மீன்!" என்று கொச்சிக்காரர் சத்தம் போட்டார். கடலில் செத்த மீனுக்கா பஞ்சம், எதையோ பொறுக்கிக்கொண்டு வந்து என் மீன் என்கிறாள் என்றார். வேண்டாம், தண்ணீரிலேயே கிடக்கட்டும் என்று தான் படகில் அவளிடம் சொன்னதையும் அவரே வாய்விட்டுச் சொல்லிவிட்டார். கேப்டன் போனை எடுத்துப் போட்டோவைப் பெரிதாக்கினார். வாலின் கீழ்ப்பக்கம் ஒரு பழைய கிழிசல். பிறகு பெட்டிக்குள் கையை விட்டு வாலை விரித்தார். அதே கிழிசல் இருந்தது.

கொச்சிக்காரர் உடனே பேச்சை மாற்றினார். அப்படியானால் கொன்றது இவள்தான். மீனையே தொடாத வீட்டிலிருந்து வந்த பெண்ணுக்கு எப்படிப் பிடிக்கத் தெரியும், இவளையெல்லாம் யார் படகில் ஏற்றினார்கள் என்றார். தொப்பியோடு ஒன்று, தொப்பி இல்லாமல் ஒன்று, கண்ணாடி, முத்தம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்கலாம் என்று ஒரு அடி முன்னால் வைத்தேன். மகள் என் முழங்கையைப் பிடித்தாள்.

"அப்பா, சும்மா இருங்க. கடைசியா அது இருந்தது என் கையில."

கேப்டன் தன் மெல்லிய குரலில் தீர்ப்புச் சொன்னார். மீன் கணக்கில் சேராது. பரிசு அடுத்த படகுக்கு. அந்தப் பெண் செய்தது சரி. ஆனால் அவள் கையிலிருந்து விட்ட மீன் செத்திருக்கிறது. அது முழுசாகத் தேறும் முன்பே போனதாகச் சொல்லியிருக்கிறாள். விதி எல்லாருக்கும் ஒன்றுதான். இந்த வருடம் இரண்டாம் கட்டத்தில் அவள் பெயர் வராது. அடுத்த வருடம் திரும்ப முயற்சி செய்யலாம். அவள் தலையை ஆட்டினாள். மீனின் வயதைத் தெரிந்துகொள்ள அதன் தலைக்குள்ளிருக்கும் சிறு எலும்பை எடுக்க வேண்டுமாம். இரண்டு மாணவர்கள் வந்து மீனைத் தட்டில் எடுத்துப் போனார்கள். அது கண்ணைவிட்டு மறைகிற வரை அவள் நின்று பார்த்தாள்.

விதிக்காகத்தான் அவர் அப்படிச் செய்தாரா, காசு கட்டுகிற கொச்சிக்காரரை ஆற்றுவதற்காகப் பிள்ளையை ஒதுக்கினாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. என் சந்தேகம் தீரவில்லை. தீர்த்துக்கொள்ளப் போவதுமில்லை.

வேனில் பாத்திரங்கள் கடகடவென்று ஆடிக்கொண்டு வந்தன. மகள் முன் சீட்டில் காலிப் பெட்டியைக் கால்களுக்கிடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். கோவளம் தாண்டியதும் கேட்டேன்:

"எல்லாரும் சாப்பிடுறப்ப நீ மட்டும் எதுக்குத் தண்ணியப் பாத்துட்டு இருந்த?"

"போயின்னு சொன்னது நான்தானே. வாலு ஒதறினது கொஞ்சம் லேசா இருந்துச்சு. ஒரு சம்சயம். சோறு எறங்கல."

"போட்டோவுக்கு அவரு ரொம்ப நேரம் மேல வச்சிருந்தாருல்ல?"

"வச்சிருந்தாரு."

"அத ஏன் சொல்லல?"

"சொன்னா எனக்காகச் சொல்றது மாதிரி ஆயிரும்."

திருவல்லம் பாலம் வந்தது. படிக்கட்டில் நான் கேட்ட கேள்வியை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு படகில் தனியாக உட்கார்ந்திருந்ததை நினைத்துக்கொண்டே ஓட்டினேன். இந்தப் பெண்ணை யார் இப்படி வளர்த்தது என்று பெருமையும், இந்தக் குணத்தோடு இவள் எப்படிப் பிழைக்கப் போகிறாள் என்று பயமும் ஒன்றாக வந்தன.

"அப்பா," என்றாள். "ஒரு கள்ளத்தனம் கண்டா அதோட சரின்னு சொன்னீங்கல்ல. இன்னைக்கு அந்த ஆளு பண்ணப் பாத்தது கள்ளத்தனம்தான். சொன்னா சொன்னதுதான். திங்கக்கிழமை பாங்க் கோச்சிங்ல சேந்துக்கிடுறேன்."

நான் வேண்டியது அதுதான். போட்டிக்குச் சமைக்க ஒப்புக்கொண்டது, ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கிப் பார்த்தது எல்லாம் இந்த ஒரு வார்த்தைக்குத்தான். அது கைக்கு வந்தபோது எனக்கு வேண்டாமல் போயிற்று.

"நான் காணணும்னுதானே பேச்சு?" என்றேன். "கண்டது நீ. நான் ஒண்ணும் காணல. அடுத்த வருஷம் திரும்பப் போய் நில்லு. சாப்பாடும் நானே கொண்டுவாறேன்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். தேங்காயை ஆட்டிவிட்டு நான் கடைக்காரரைப் பார்க்கிற அதே பார்வை.

"அடுத்த வருஷம் பேச்ச மாத்த மாட்டீங்களே? ஒங்கள நம்பலாமா?"

"நம்பாண்டாம், மோளே," என்றேன். "பாத்துட்டே இரு."